உயிரியல் வலையமைப்பில் சமச்சீர் தேடுபவர்கள் செய்யும் தவறுகள்

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் காட்டும் படங்களில், நாங்கள் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகள்தான். ஒரே மரபணுவை இரண்டு பெயரில் சேர்ப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகக் கண்ணில் படும்.

இடம் மாற்றிப் பார்ப்பதோடு நிறுத்துவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. வலையமைப்புப் படத்தில் கணு என்பது ஒரு மரபணு அல்லது நரம்பணு; ஒன்று இன்னொன்றைத் தூண்டுவதையோ அடக்குவதையோ அம்பு காட்டும். இரண்டு கணுக்களை இடம் மாற்றியும் படம் மாறாவிட்டால் அது ஆட்டோமார்பிசம். மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். ஆனால் அதற்கு உள்ளே வரும் அம்புகளோடு வெளியே போகும் அம்புகளும் பொருந்தியாக வேண்டும். ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத் தீர்மானிப்பது உள்ளே வருவது மட்டும்தான்.

ஈ. கோலை பாக்டீரியாவில் டிஎன்ஏ சேதத்தைச் சமாளிக்கும் மரபணுத் தொகுதியான எஸ்ஓஎஸ் சுற்றை எடுங்கள். லெக்ஸ்ஏ புரதம் ரெக்ஏ, யுவிஆர்ஏ, சல்ஏ மரபணுக்களை அடக்குகிறது. தன் சொந்த மரபணுவையும் அடக்குகிறது. மென்பொருள் அந்த மூன்றையும் ஒரு கூட்டமாக்கி, அம்புகள் கிளம்புகிற லெக்ஸ்ஏவைத் தனியே ஒதுக்கிவிடும். உள்ளே வருவதை மட்டும் பாருங்கள்: நான்குக்கும் லெக்ஸ்ஏவிடமிருந்து ஒரே ஓர் அடக்கும் அம்பு. எத்தனை படி பின்னால் போனாலும் அதேதான். ஆக, நான்கும் ஒரே கூட்டம். இதுதான் ஃபைப்ரேஷன் சமச்சீர். மொரோனே, லைஃபர், மாக்சே மூவரும் 2020-இல் உயிரியல் வலையமைப்புகளை இந்த வழியில்தான் பிரித்துக் காட்டினார்கள்.

தெரிந்த மாணவர் ஒருவர் ஆட்டோமார்பிசத்தை மட்டும் தேடிவிட்டு 'சமச்சீர் அநேகமாக இல்லை' என்று ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார். நெறியாளரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்! கடைசியில் அத்தனையும் குப்பைக்குப் போனது. ஃபைப்ரேஷன் கூட்டங்களைக் கண்டுபிடிக்க, எல்லாக் கணுவுக்கும் முதலில் ஒரே நிறம் கொடுங்கள். எந்த நிறத்திலிருந்து எத்தனை அம்பு வருகிறது என்று பார்த்து, வேறுபடுகிறவற்றுக்கு வேறு நிறம் கொடுத்துப் பிரித்துக்கொண்டே போங்கள். இனிப் பிரியாது என்றானதும் நிறுத்துங்கள். இவ்வளவுதான் வேலை.

ஒரே நிறம் என்றால் ஒரே அளவு வேலை செய்யும் என்று நினைப்பது

அம்புகளின் வலு சமமாக இருந்தால்தான் அது சரி. லெக்ஸ்ஏ சல்ஏவை இறுக்கிப் பிடிக்கும், யுவிஆர்ஏவைத் தளர்வாகப் பிடிக்கும். அதனால் டிஎன்ஏ சேதமானதும் யுவிஆர்ஏ முந்திக்கொள்ளும். சல்ஏ பின்னால்தான் வரும்.

தூண்டுவதையும் அடக்குவதையும் ஒரே அம்பாக வரைவது

வேண்டாம்.

இடமும் வலமும் ஒன்று என்று எடுத்துக்கொள்வது

இருபால் சி. எலிகன்ஸ் புழுவுக்கு 302 நரம்பணுக்கள். பெரும்பாலானவை இட வல ஜோடிகள். உப்பை உணரும் ஏஎஸ்இ என்ற நரம்பணு ஜோடியும் பார்வைக்கு அப்படித்தான். ஆனால் இடது முக்கியமாகச் சோடியத்தையும், வலது குளோரைடையும் உணர்கிறது. ஜோடியைச் சுருக்கி ஒரே கணுவாக வரைகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்குத் தொடங்கும் முன்பே அழித்துவிடுகிறார்கள்.