கீறல் மூடியது சரி, செல் நகர்ந்ததா? ஸ்கிராட்ச் அஸே செய்யப்போகும் பிள்ளைகளுக்கு

சேலத்து ஏப்ரல் வெயிலில் எம்.எஸ்ஸி. வைவா. "24 மணி நேரத்தில் கீறல் மூடிவிட்டது, ஆகவே இந்த ஜீன் இல்லாவிட்டால் புற்றுசெல் வேகமாக நகர்கிறது" என்று ஸ்லைடு போட்டுவிட்டு நிற்பீர்கள். எதிரில் இருக்கும் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நகர்ந்து மூடுச்சா, பெருகி மூடுச்சாம்மா?" என்று ஒரே கேள்வி கேட்பார். அந்தக் கேள்விக்குத் திருதிருவென்று முழித்தவள் நான். நீங்கள் முழிக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆத்தூர் பக்கம் பஸ்ஸில் போனால் சேகோ பேக்டரி களத்தில் ஜவ்வரிசி காய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பரப்பாக, வெள்ளையாக. அதில் விரலால் ஒரு கோடு இழுத்தால் தரை தெரியும். ஸ்கிராட்ச் அஸே என்பது அவ்வளவுதான், பிளேட்டில் பரவி வளர்ந்த செல்களின் நடுவே ஒரு கோடு கீறி, அது எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்று பார்ப்பது. ஜவ்வரிசி அப்படியே கிடக்கும், செல் கிடக்காது. ஓரத்தில் இருக்கிற செல் காலை நீட்டி உள்ளே வரும். ஆனால் அதே நேரத்தில் பின்னால் இருக்கிற செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து முன்னால் இருப்பவற்றைத் தள்ளவும் செய்யும். கோடு எப்படி மூடியது என்பதை வெறும் போட்டோ சொல்லாது.

ட்யூமர் சப்ரஸர் ஜீன்களில், அதாவது புற்று அடக்கி மரபணுக்களில், இந்தச் சிக்கல் இன்னும் மோசம். எல்லாப் புத்தகமும் அவற்றை 'பிரேக்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. அது செல் பிரிவதைப் பற்றிய பேச்சு. நகர்வதிலும் இவற்றுக்கு நேரடிக் கை உண்டு. பிடென் (PTEN) என்கிற ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள், 1997இல் கண்டுபிடித்தது. செல் ஒரு பக்கமாக நகரும்போது அதன் முன்விளிம்புச் சவ்வில் பிப்3 என்கிற கொழுப்பு மூலக்கூறு சேரும், அதைப் பார்த்து ராக் (Rac) என்கிற புரதம் செல்லின் எலும்புக்கூடு மாதிரியான ஆக்டின் இழைகளை வளரவைக்கும், விளிம்பு விசிறி மாதிரி முன்னால் விரியும். பிடென் செய்வது பிப்3-இலிருந்து ஒரு பாஸ்பேட்டைக் கழற்றி அதை பிப்2 ஆக்குவது. பிடென் இல்லையென்றால் பிப்3 குறையாது, விளிம்பு விரிந்துகொண்டே இருக்கும். அதே பிப்3 ஏகேடி (AKT) என்கிற இன்னொரு புரதத்தையும் கிளப்பிவிடும், செல் பிரியவும் சாகாமல் இருக்கவும் அது உதவும். ஆக, பிடென் போனால் நகர்வும் கூடும், பெருக்கமும் கூடும். எக்ஸ்டர்னல் கேட்ட கேள்வி இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு புற்று அடக்கியான பி53-இன் கதை வேறு. அது நன்றாக இருக்கும்போது எம்டிஎம்2 என்கிற புரதத்தின் வழியாக ஸ்லக் என்கிற புரதத்தைச் சிதைக்கவைக்கும். ஸ்லக் பெருகினால் ஈ-கேடெரின் குறையும், ஈ-கேடெரின்தான் பக்கத்துச் செல்லோடு ஒட்டவைக்கிற பசை. ஆனால் கவனிக்க வேண்டியது, பி53 அடியோடு இல்லாததும் மாறிப்போன பி53 இருப்பதும் ஒன்றல்ல. சில மாறிய வடிவங்கள், செல் தரையைப் பிடித்துக்கொள்ள உதவும் இன்டெக்ரின் புரதங்களைத் திரும்பத் திரும்பச் சவ்வுக்கு அனுப்பி, செல்லை இன்னும் நன்றாக ஓடவைக்கும்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதலில் எந்தச் செல் என்று முடிவு செய்யுங்கள். எம்சிஎஃப்-7, எம்டிஏ-எம்பி-231 என்கிற இரண்டு மார்பகப் புற்றுசெல்களைப் பக்கத்தில் வைத்து "முன்னதில் பி53 சரியாக இருக்கிறது, பின்னதில் மாறியிருக்கிறது, ஆகவே வேகம் பி53ஆல்" என்று எழுதாதீர்கள், நம் பக்கத்து ப்ராஜெக்ட்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன். அந்த இரண்டும் பி53-இல் மட்டுமா வேறுபடுகின்றன? 231-இல் ஈ-கேடெரினே கிடையாது. ஒரே செல்லில் ஒரே ஜீனை மட்டும் அணைக்க வேண்டும். எச்சிடி116 குடல் புற்றுசெல்லில் பி53-ஐ மட்டும் நீக்கிய இணை இருக்கிறது, 1998இல் வோகல்ஸ்டைன் ஆய்வகத்தில் உருவாக்கியது. அது கிடைக்காவிட்டால் புனேயில் உள்ள தேசியச் செல் அறிவியல் மையமான என்சிசிஎஸ்-இல் ஜீன் நீக்காத சாதாரணச் செல்லை வாங்கி, ஜீனை அணைக்கும் எஸ்ஐ-ஆர்என்ஏ (siRNA) போடுங்கள். 48 மணி நேரம் கழித்து புரதத்தின் அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் புரதம் குறைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீற வேண்டும். "போட்டேன், குறைந்திருக்கும்" என்பது பதில் இல்லை.

கீறுவதற்கு முன் பிளேட்டின் அடியில் மார்க்கரால் ஒரு குறுக்குக்கோடு போடுங்கள், இல்லாவிட்டால் ஆறாவது மணி நேரத்தில் எந்த இடத்தைப் படம் எடுத்தோம் என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். செல்கள் முழுதாகப் பரவியிருக்க வேண்டும், அங்கங்கே ஓட்டை இருந்தால் இன்னொரு நாள் பொறுங்கள். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் டிப், நேராகப் பிடித்து ஒரே இழுப்பு. அழுத்தினால் பிளாஸ்டிக்கே கீறிக்கொள்ளும், அந்தத் தடத்தில் செல் ஏறத் தயங்கும். நான் முதலில் ஸ்கேல் வைத்து இழுத்தேன், ஸ்கேல் வழுக்கிக் கோடு ஏற்காட்டு மலைப்பாதை மாதிரி வளைந்துவிட்டது. ஸ்கேல் இல்லாமல், முழங்கையை மேசையில் ஊன்றி இழுப்பதுதான் எனக்குச் சரிப்பட்டது. அப்புறம் பிபிஎஸ் என்கிற உப்புக்கரைசலில் இரண்டு முறை மெதுவாகக் கழுவுங்கள். உதிர்ந்த செல்கள் மிதந்துபோய்க் கோட்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் அவையும் 'நகர்ந்தவை' கணக்கில் சேர்ந்துவிடும்.

இப்போது பெருக்கத்தை நிறுத்த வேண்டும். கீறுவதற்கு முன்பே மைட்டோமைசின்-சி என்கிற மருந்தை, பொதுவாக மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம், 2 மணி நேரம் கொடுத்துக் கழுவிவிடுவார்கள். அது டிஎன்ஏ இழைகளைக் கோத்துவிடும், செல்லால் பிரிய முடியாது. உங்கள் செல் அந்த அளவைத் தாங்குமா என்று பிளேட்டின் தனிக் குழியில் முன்கூட்டியே பாருங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மைட்டோமைசின் வாங்கப் பணம் இல்லையா, செல்லைப் பெருகத் தூண்டும் சீரத்தை வளர்ப்புத் திரவத்தில் 1 சதவீதத்துக்கோ அதற்கும் கீழேயோ குறைத்து, ஜீன் அணைந்த செல்லுக்கும் அணைக்காத செல்லுக்கும் கீறாத இன்னொரு பிளேட்டை அதே நேரம் பக்கத்தில் வையுங்கள். 0 மணியிலும் 24 மணியிலும் செத்த செல்லை மட்டும் நீலமாக்கும் ட்ரிபான் ப்ளூ போட்டு, ஹீமோசைட்டோமீட்டர் என்கிற கட்டம்போட்ட கண்ணாடியில் உயிருள்ளவற்றை எண்ணுங்கள். இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒரே மாதிரி கூடியிருந்து, ஜீன் அணைந்த பக்கத்தில் மட்டும் கோடு சீக்கிரம் மூடினால் தைரியமாக நகர்வு என்று சொல்லலாம். ஜீன் அணைந்த பக்கத்தில் எண்ணிக்கையே அதிகமாகக் கூடியிருந்தால் 24 மணிப் படத்தை ஒதுக்கிவிட்டு 6, 12 மணிப் படங்களை மட்டும் நம்புங்கள், அதற்குள் செல் பெரிதாகப் பெருகியிருக்காது.

கரண்ட் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணி நேரம் இன்குபேட்டர் நின்று, வெப்பம் 37 டிகிரியிலிருந்து இறங்கியதைக் கவனிக்காமல் நான் அந்த டேட்டாவையும் சராசரியில் சேர்த்தேன். நீங்கள் அப்படிச் செய்யாமல், கரண்ட் போனதை நோட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள், அந்த ரன்னை விட்டுவிடுங்கள்.

கணக்கு எளிது. இமேஜ்ஜே (ImageJ) என்கிற படம் அளக்கும் மென்பொருளில் காலியான இடத்தின் பரப்பை அளந்து, 0 மணிப் பரப்பில் எத்தனை சதவீதம் மூடியது என்று பாருங்கள். பரப்பு 800-இலிருந்து 480 ஆனால் 40 சதவீதம். ஓரத்தையும் கூர்ந்து பாருங்கள். ஈ-கேடெரின் உள்ள செல்கள் கைகோத்த மாதிரி விரிப்பாகவே முன்னால் வரும், அது இல்லாதவை தனித்தனியாகப் பிரிந்து ஓடும். இரண்டிலும் சதவீதம் ஒன்றாகவே இருக்கலாம், படத்தில் கதை வேறு. ஈ-கேடெரின் இருந்தால் செல் அசையாது என்று எழுதிவிடாதீர்கள், மார்பகப் புற்றில் அதை வைத்துக்கொண்டே பரவுகிற கட்டிகள் நிறைய.

வசதி இருந்தால் ட்ரான்ஸ்வெல்லையும் செய்யுங்கள், அதாவது துளையுள்ள சவ்வு வழியாகச் செல் கீழே இறங்குகிறதா என்று பார்க்கும் சோதனை. 8 மைக்ரான் துளை, மேலே சீரம் இல்லாமல் செல், கீழே சீரம். ஒரு நாள் கழித்து கிரிஸ்டல் வயலட் சாயம் போட்டுச் சவ்வின் அடியில் ஒட்டியிருப்பவற்றை எண்ண வேண்டும். எண்ணுவதற்கு முன் சவ்வின் மேல்பக்கத்தைக் காதுக்குப் போடும் பட்ஸால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், மறந்தால் நகராமல் மேலேயே உட்கார்ந்திருந்த செல்களைத்தான் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.