வி.எம்.சி.யில் ஜீரோ எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வி.எம்.சி. என்ற செங்குத்து மில்லிங் மெஷினில் புதிதாக செட்டிங் பழகும் பிள்ளைகளின் பக்கத்தில் நின்று பார்த்தால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகள் அதே வரிசையில் வருகின்றன. எக்ஸுக்குப் போட வேண்டியதை ஒய்யில் போடுவது, எண்ணுக்குப் பின்னால் புள்ளியை விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவையெல்லாம் ஒருமுறை பட்டால் கை தானாகத் திருந்திவிடும். பட்ட பிறகும் ஏன் நடந்தது என்று பிடிபடாமல் மறுபடி செய்கிற தவறுகள் வேறு. ஜீரோ எடுப்பது என்றால், வெட்டப்போகும் ஜாபில் (வேலைப்பொருளில்) அளவுகள் எந்த இடத்திலிருந்து தொடங்குகின்றன என்று மெஷினுக்குச் சொல்வது. ஃபேனக் வகை கன்ட்ரோலை வைத்துச் சொல்கிறேன்.

நகரும் தாடையில் ஜீரோ எடுப்பது

அறுத்து வரும் பிளாக்குகளின் அகலம் ஒன்றுக்கொன்று 0.3, 0.4 மி.மீ. கூடக்குறைய இருக்கும். ஜாபை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் நகராத தாடையில் ஒட்டியிருக்கும் முகம் எந்தப் பிளாக்கை வைத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். எதிர்ப்பக்கம் ஒவ்வொரு பிளாக்குக்கும் மாறும். அங்கே ஜீரோ எடுத்தால் முதல் ஜாப் சரியாக வரும், பத்தாவது ஜாபில் துளை தள்ளியிருக்கும், காரணம் தெரியாமல் ப்ரோகிராமைத் தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

மேல்-கீழ் அச்சான இசட்டும் அப்படித்தான். இரண்டாவது செட்டிங்கில் மெஷின் செய்த முகம் பேரலல் (ஜாபுக்கு அடியில் வைக்கும் சம உயரக் கட்டை) மேல் உட்காரும்போது, பேரலலின் மேல்முகத்தையே ஜீரோவாக வைத்துக்கொள்வது நல்லது. வைஸை இறுக்கும்போது நகரும் தாடை ஜாபைக் கொஞ்சம் தூக்கும். இறுக்கியபின் சுத்தியலால் தட்டி உட்காரவைத்து, பேரலலை விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஜாப் இன்னும் உட்காரவில்லை.

எட்ஜ் ஃபைண்டரின் பாதி விட்டம்

ஸ்பிண்டிலில் மாட்டி ஜாபின் விளிம்பைத் தொட்டறியும் கருவி எட்ஜ் ஃபைண்டர். தொடும் முகமே ஜீரோ என்றால், 10 மி.மீ. ஃபைண்டரால் இடது முகத்தைத் தொட்டால் எக்ஸ் -5, வலது முகத்தைத் தொட்டால் எக்ஸ் 5. மேஜை போகிற திசையைப் பார்த்தால் குழம்பும். மேஜை நிற்கிறது, ஸ்பிண்டில்தான் நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குறி மாறினால் ஜீரோ 10 மி.மீ. தள்ளிப்போகும்.

பல் பார்க்கும் திசை

ஃபைண்டர் கிடைக்கவில்லை என்று நின்றுகொண்டிருக்கும் எண்ட் மில்லாலேயே பக்கவாட்டைத் தொடுகிறவர்கள் உண்டு. இரண்டு பல் கட்டரில் பல் ஜாபைப் பார்த்து நிற்காவிட்டால், தொட்டது பல்லை அல்ல, பல்லுக்கு இடையிலுள்ள பள்ளத்தை. எடுத்த ஜீரோ பொய். இன்சர்ட் (கழற்றி மாட்டும் வெட்டுத்துண்டு) வைத்த ஃபேஸ் மில்லில் எல்லா இன்சர்ட்டும் ஒரே உயரத்தில் இருக்காது. கையால் மெல்லச் சுற்றி, எது தாழ இறங்கியிருக்கிறதோ அதில் தொடுங்கள். ஃபேஸ் மில்லின் நடுப்பகுதி குழிவு என்பதால் செட்டரை (டூல் உயரத்தைத் தொட்டு எடுக்கும் கருவியை) நடுவில் வைத்தால் அளவு வராது.

ஒரே மெஷினில் இரண்டு விதமாக இசட் தொடுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் மூட்டுவது இதுதான்.

பல ஷாப்களில் 50 மி.மீ. ஹைட் செட்டரை ஜாபின் மேல்முகத்தில் வைத்து எல்லா டூலையும் தொட்டு, வருகிற மெஷின் இசட் மதிப்பை அந்தந்த டூலின் எச் எண்ணில் (டூல் நீள ஆஃப்செட்டில்) போடுவார்கள். செட்டரின் 50 மி.மீ.யைக் கழிக்க, ஜாப் ஜீரோவை வைத்திருக்கும் ஆஃப்செட்டான ஜி54-ன் இசட்டில் -50 இருக்கும். இது நல்ல முறை. எல்லா டூலையும் அதே மாதிரி தொடும்வரை நல்ல முறை.

ஒரு ஷாப்பில் கண்ணெதிரே நடந்ததைச் சொல்கிறேன். வார்ப்பு ஹவுசிங் ஒன்று, முந்தைய வேலையெல்லாம் முடிந்து கடைசி செட்டிங்கில் இருந்தது. ஐந்தாம் டூலான 16 மி.மீ. எண்ட் மில்லின் முனை உடைந்துவிட்டது. ஓட்டிக்கொண்டிருந்த பையன் புதியதை மாட்டினான். செட்டர் அடுத்த மெஷினுக்குப் போயிருந்தது. அதனால் காகிதத்தை வைத்து, ஜாபின் மேலேயே மிகக் கவனமாகத் தொட்டு, காகித கனத்தையும் கழித்து, எச்5-ல் -412.350 என்று போட்டான். அவன் தொட்டதில் 0.01 கூடத் தப்பில்லை. ஆனால் செட்டர் முறைப்படி அங்கே இருந்திருக்க வேண்டிய எண் -362.350. ஜி54-ல் ஏற்கனவே -50 இருக்கிறது. ஆக, டூல் 50 மி.மீ. கூடுதலாக இறங்கப்போகிறது.

ப்ரோகிராமில் 'இசட் 50' வரியில் டூல் முனை ஜாபுக்கு 50 மி.மீ. மேலே நிற்க வேண்டும். நேராக மேல்முகத்தில் வந்து நின்றது. அடுத்த வரி 'இசட் 2', ரேபிட் (முழு வேக நகர்வு). 48 மி.மீ. உள்ளே. எண்ட் மில் தூள், ஹவுசிங் குப்பை, ஹோல்டரின் டேப்பரில் தழும்பு. பிறகு ஸ்பிண்டிலில் டயல் வைத்தால் முள் ஆடியது. பேரிங் மாற்றும்வரை மெஷின் நின்றது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு ஏமாற்றுகிறது? எண் பயண எல்லைக்குள் இருப்பதால் அலாரம் வராது. முதல் நான்கு டூலும் ஒழுங்காக ஓடிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வராது. எச் பட்டியலில் எல்லாமே -300, -400 என்று இருப்பதால் -412 கண்ணை உறுத்தாது. அன்று எல்லாரும் அந்தப் பையனைத் திட்டினார்கள். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. எந்த முறையில் தொட்டிருக்கிறது என்று செட்டிங் ஷீட்டில் ஒரு வரி இல்லை, பேனலில் ஒரு ஸ்டிக்கர் இல்லை. 'செட்டர் 50, ஜி54 இசட் -50' என்று எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

முடிந்தால் முறையையே மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்பிண்டில் முகத்திலிருந்து டூல் நுனி வரை உள்ள நீளத்தை எச் எண்ணில் போட்டு, ஜாபின் உயரத்தை மட்டும் ஜி54-ல் வையுங்கள். மேலே சொன்ன அதே டூலின் நீளம் 125.400 என்றால் ஜி54 இசட் -537.750. இரண்டையும் கூட்டினால் அதே -412.350 வரும், வெட்டுவதில் வித்தியாசமில்லை. ஆனால் 125 என்பது ஸ்கேல் வைத்தே சரிபார்க்க முடிகிற எண். தப்பான எண் விழுந்தால் டூலைப் பார்த்ததுமே தெரியும். ஜாப் மாறினாலும் ஒரே ஒரு மதிப்பைத்தான் மாற்ற வேண்டும்.

எந்த முறையாக இருந்தாலும், டூல் மாற்றியபின் இதைச் செய்யாமல் ஓட்டாதீர்கள்: ரேபிட்டை அடிமட்டத்துக்குக் குறைத்து, எம்.டி.ஐ.யில் (கட்டளை வரியைக் கையால் தட்டி ஓட்டும் முறையில்) 'ஜி90 ஜி54 ஜி0 ஜி43 எச்5 இசட்100.' கொடுங்கள். விரல் ஃபீட் ஹோல்டில் (நகர்வை நிறுத்தும் பொத்தானில்) இருக்கட்டும். நின்றதும் டூலுக்கும் ஜாபுக்கும் நடுவே ஸ்கேலை நிறுத்துங்கள். 100 இருக்க வேண்டிய இடத்தில் 50 இருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். 'நேற்று ஓடிய ப்ரோகிராம்தானே' என்பது பதிலாகாது. ப்ரோகிராம் நேற்றையதுதான், டூல் இன்றையது.

போரிங் பார் திரும்பி உட்காருவது

துளையைப் போரிங் பாரால் துல்லியமாக விரிக்கும் சைக்கிளான ஜி76-ல் போரிங் அடிவரை முடிந்ததும் ஸ்பிண்டில் குறிப்பிட்ட கோணத்தில் நின்று, கியூ (Q) என்ற எழுத்தில் கொடுத்த அளவு பக்கவாட்டில் விலகி, அப்புறம்தான் மேலே வரும். துளைச் சுவரில் கோடு விழாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. விலகும் திசை பாராமீட்டரில் இருக்கிறது. பாரின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது மெஷினுக்குத் தெரியாது. பி.டி.40 ஹோல்டரில் எதிரெதிரே இரண்டு கீவே (ஸ்பிண்டிலின் சாவி உட்காரும் பள்ளம்) இருப்பதால் 180 டிகிரி திருப்பி வைத்தாலும் உட்காரும். அப்போது முனை சுவரை விட்டு விலகாமல் சுவருக்குள் அழுந்தும்.

ஸ்பிண்டிலை அந்தக் கோணத்தில் நிறுத்தும் எம்19 கொடுத்து நிறுத்தி முனையைப் பாருங்கள். ஹோல்டர் விளிம்பில் பெயின்ட் குறி வைத்து, டூல் மேகசீனில் ஏற்றும்போதும் அதே பக்கம் வையுங்கள். முதல் முறை ஜாபுக்கு மேலே காற்றில், கியூவை 3 மி.மீ. போலப் பெரிதாக்கி ஓட்டினால் விலகும் திசை கண்ணுக்கே தெரியும். பார்த்தபின் கியூவைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒவ்வொரு சைக்கிளிலும் கியூவைத் தனியாக எழுதுங்கள். கொத்திக் கொத்தித் துளையிடும் ஜி83-ல் அதே எழுத்துதான் கொத்தும் ஆழம். அங்கே போட்ட 5 இங்கேயும் தொற்றிக்கொண்டால் பார் 5 மி.மீ. விலகி, அதன் முதுகு எதிர்ச்சுவரில் இடிக்கும்.

டூல் எண்ணும் எச் எண்ணும்

ஒன்றாகவே இருக்கட்டும்.

ஆஃப்செட் பக்கத்தின் 00 வரிசை

அதில் போடுவது ஜி54 முதல் ஜி59 வரை எல்லாவற்றிலும் கூடும். ஆழம் 0.2 குறைகிறது என்று அங்கே -0.2 போட்டுவிட்டுப் போனவர் யார் என்று அடுத்த ஷிஃப்டில் தேட முடியாது. புது ஜாப் ஏற்றுமுன் மூன்று அச்சிலும் அந்த வரிசை 0 என்று பாருங்கள்.