விரல் மரத்துப்போனது கையுறையால் இல்லை

டிசம்பரில் அதிகாலையில் கோத்தகிரி மலைப்பாதையில் வண்டி ஓட்டினால் விரல் மரத்து, பிரேக் பிடிக்கவே வராது. தடித்த கையுறை வாங்கினேன். உள்ளே கம்பளி உறையும் போட்டேன். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் மோசமானது.

அப்புறம்தான் மணிக்கட்டைப் பார்த்தேன். ஜாக்கெட் ஆண்களுக்கான சிறிய அளவு. தோளில் தொளதொள, மார்பிலும் இடுப்பிலும் இறுக்கம். நிற்கும்போது சரியாக இருக்கும். ஹேண்டில்பாரைப் பிடித்ததும் ஜாக்கெட் கை மேலேறி, மணிக்கட்டில் இரண்டு விரல் அகலத்துக்குத் தோல் தெரியும். காற்று அங்கேதான் அறைந்தது. முழங்கை பேடும் இடம் மாறியிருந்தது, அது இன்னும் ஆபத்து.

கடையில் வண்டியில் உட்கார்ந்தே போட்டுப் பார்த்து, பெண்களுக்கென்று தைத்த ஜாக்கெட் எடுத்தேன். பேடில் ஈஎன் 1621-1 முத்திரை இருந்தது, மோதலைத் தாங்கும் மூட்டு பேடுகளுக்கான ஐரோப்பியத் தரம் அது. மணிக்கட்டைத் தாண்டி நீளும் கையுறையை ஜாக்கெட் கைக்கு மேல் இழுத்து மூடினேன். குளிர் நின்றது, நிம்மதி. மழையில் மட்டும் கையுறை உள்ளே போக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் நேராக விரலுக்கு இறங்கும்.