கோத்தகிரி மழை நிலவரம்: பிஎச்பியில் பின்னணி வேலையும் கேச்சும்

ஐப்பசி மழையில் குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் கோத்தகிரி விடுதி ஒன்றின் தளத்தில் மழை நிலவரம் பார்க்கப் பலரும் ஒன்றாக வருவார்கள். ஒவ்வொருவருக்காகவும் பிஎச்பி (சர்வரில் பக்கத்தை உருவாக்கும் மொழி) வெளியே போய் வானிலைத் தரவைக் கேட்டால் தளமே நின்றுவிடும். பதில் வராத இணைப்புக்கு அது இயல்பாக 60 விநாடி காத்திருக்கும். அதுவரை அந்த ஒர்க்கர் (கோரிக்கையைக் கவனிக்கும் பிஎச்பி புராசஸ்) வேறு யாருக்கும் உதவாது. தரவு எடுப்பது கிரானின் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் லினக்ஸ் கருவி) வேலை, அது எடுத்துச் சேமித்த கோப்பை, அதாவது கேச்சை, பக்கம் வாசித்தால் போதும்.

முதலில் தரவு எடுக்கும் ஸ்கிரிப்ட். டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் உச்ச நேரம்) 5 விநாடி வையுங்கள். வந்தது சரியான ஜேசான்தானா (தரவு அனுப்பப் பயன்படும் உரை வடிவம்) என்று பாருங்கள். இல்லையென்றால் பழைய கோப்பைத் தொடாமல் வெளியேறுங்கள். சரியென்றால் எடுத்த நேரத்தையும் சேர்த்து, அதே ஃபோல்டரில் தற்காலிகக் கோப்பாக எழுதி, பிறகு அசல் கோப்பின் பெயருக்கு 'ரீநேம்' செய்யுங்கள். நேரடியாக எழுதினால், பாதி எழுதிய கோப்பை யாராவது வாசித்துவிடுவார்கள். தற்காலிகக் கோப்பு வேறு பார்ட்டிஷனில் (வட்டின் வேறு பகுதியில்) இருந்தால் ரீநேம் வெறும் காப்பியாகிவிடும், பழைய சிக்கல் திரும்பிவிடும்.

அடுத்து கிரான்: */10 * * * * என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை. பிஎச்பிக்கும் ஸ்கிரிப்ட்டுக்கும் முழுப் பாதை கொடுங்கள். டெர்மினலில் ஓடியது கிரானில் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வெளியீட்டையும் பிழையையும் லாக் (பதிவு) கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள யூசராக) ஓட்ட வேண்டாம், வெப் சர்வரின் யூசராகவே ஓட்டுங்கள். தற்காலிகக் கோப்பை உருவாக்கும் 'டெம்ப்நேம்' ஃபங்ஷன் அதற்குத் தரும் அனுமதி 0600, அதாவது உரிமையாளர் மட்டுமே வாசிக்கலாம், எழுதலாம். ரூட் எழுதினால் பக்கத்தால் திறக்கவே முடியாது.

கட்டளை வரி பிஎச்பிக்கு நேர வரம்பு கிடையாது. எங்காவது சிக்கினால் அப்படியே கிடக்கும், அதன்மேல் அடுத்ததும் வந்து சேரும். ஆகவே ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே 'ஃப்ளாக்' (கோப்பைப் பூட்டும் ஃபங்ஷன்) மூலம் காத்திருக்காத பூட்டு கேளுங்கள், கிடைக்காவிட்டால் வெளியேறுங்கள். புராசஸ் செத்தாலும் இந்தப் பூட்டு தானாக விடுபடும். "பூட்டுக் கோப்பு இருக்கிறதா" என்று மட்டும் சோதிக்கும் முறையில், மின்சாரம் போய் வந்த பிறகு கோப்பு மிச்சமிருந்து வேலை நின்றுபோகும்.

பக்கத்தில் தரவின் வயதைக் கணக்கிடுங்கள். 30 நிமிடம் தாண்டினால் "காலை 7:40 நிலவரம்" என்று நேரத்தோடு காட்டுங்கள். மலைப்பாதையில் இறங்கப் போகிறவருக்குப் பழைய தகவலைப் புதிதுபோல் காட்டுவது ஆபத்து.

கோப்புக்குப் பதில் ஏபிசியு (பிஎச்பியின் நினைவகக் கேச்) வைக்கலாமா? இந்த வேலைக்கு வேண்டாம். கிரான் எழுதும் நினைவகம் வேறு, பக்கங்களைத் தரும் பிஎச்பியான எஃப்பிஎம் வாசிக்கும் நினைவகம் வேறு. எழுதியது பக்கத்துக்குத் தெரியவே தெரியாது. சர்வர் ஒன்றுக்கு மேல் போனால் ரெடிஸுக்கு (பல சர்வர்கள் பகிரக்கூடிய நினைவகத் தரவுக் கிடங்கு) மாறுங்கள்.

கடைசியாக, தரவு முகவரியை வேண்டுமென்றே தப்பாக மாற்றி 30 நிமிடத்துக்கு மேல் விட்டுப் பாருங்கள். பக்கம் உடனே திறந்து, பழைய நிலவரத்தை நேரத்தோடு காட்டி, லாக்கில் பிழையும் பதிவாகியிருந்தால் சரி.