சதவீதக் கணக்கில் வழுக்கும் இடங்கள்

சதவீதக் கணக்கில் விடை தப்பினால், பெரும்பாலும் பெருக்கலிலோ வகுத்தலிலோ கோளாறு இருக்காது. ‘எதில் இத்தனை சதவீதம்?’ என்று கேட்காமலே கணக்கில் இறங்கியிருப்போம்.

ஓர் ஊரின் மக்கள்தொகை 20% கூடி 12,000 ஆகிறது. முன்பு எவ்வளவு? பலரும் 12,000-இல் 20% ஆன 2,400-ஐக் கழித்து 9,600 என்று எழுதிவிடுவார்கள். சரி, திருப்பிப் போட்டுப் பார்ப்போம். 9,600-இல் 20% என்பது 1,920; கூட்டினால் 11,520தான் வருகிறது. கூடியது பழைய தொகையில் 20%. நாம் கழித்ததோ புதிய தொகையில் 20%. பழையதை 100% என்று வைத்தால் 12,000 என்பது 120%. ஆகவே 12,000 ÷ 1.2 = 10,000.

விலை 20% ஏறி 20% இறங்கினால் பழைய இடத்துக்கே வராததும் இதனால்தான்: 100, 120, அப்புறம் 96. அடுத்தடுத்து 20%, 10% தள்ளுபடி என்றாலும் மொத்தம் 30% ஆகாது, 28%தான். இலாப சதவீதத்தை, வேறு குறிப்பு இல்லாதவரை, வாங்கிய விலையில்தான் போட வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. 100 கிலோ பச்சைப் புல்லில் 80% நீர். காய்ந்தபின் 20%தான் நீர். இப்போது எடை என்ன? 80-இலிருந்து 20 போனால் 60. எனவே 60 கிலோ குறைந்து 40 கிலோ என்று மனம் சொல்லும். ஆனால் அந்த 20% காய்ந்த புல்லின் எடையில் சொல்லப்பட்டது, பழைய 100 கிலோவில் அல்ல. இங்கே நீரை விட்டுவிட்டு, மாறாத பொருளைப் பிடிக்க வேண்டும். நீர் போக மிச்சம் 20 கிலோ. காய்ந்தாலும் அது அப்படியே இருக்கும். காய்ந்த புல்லில் அது 80%. ஆகவே 20 ÷ 0.8 = 25 கிலோ.

தேர்ச்சி 40%-இலிருந்து 50% ஆனால் உயர்வு 10 சதவீதப் புள்ளிகள். சதவீதத்தில் சொன்னால், பழைய 40-இல் 10 கூடியதால், 25%. செய்திகளிலும் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகிறார்கள். ‘200% கூடியது’ என்றால் இரண்டு மடங்கு ஆனதாக அர்த்தமில்லை, மூன்று மடங்கு.

சதவீதங்களுக்குச் சராசரி எடுப்பதிலும் கவனம் வேண்டும். 40 பேரில் 50%, இன்னொரு வகுப்பில் 10 பேரில் 100% தேர்ச்சி என்றால் மொத்தத் தேர்ச்சி 75% அல்ல. 50 பேரில் 30 பேர், அதாவது 60%.

கொள்குறி வினாக்களில் 9,600, 40 கிலோ, 75% போன்ற தவறான விடைகளையும் விடைத் தெரிவுகளில் சேர்த்தே கொடுப்பார்கள். அதனால் உங்கள் விடை அங்கே இருக்கிறது என்பதற்காக அதை நம்பிவிடாதீர்கள். கேள்வியில் போட்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.