நடப்புப் பால் பண்ணை வாங்குகிறீர்களா?
திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் வீடு, புல்வெளியோடு பால் பண்ணை விலைக்கு வந்தால், "தினம் இத்தனை லிட்டர்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். சாயங்காலக் கறவை, மறுநாள் காலை, சாயங்காலம் என்று தொடர்ந்து மூன்று வேளை கூடவே நில்லுங்கள். ஒரு வேளை கறக்காமல் மடியில் தேக்கிக் காட்டினால் முதல் வேளை கூடித் தெரியும்; அடுத்த வேளைகளில் குட்டு வெளிப்பட்டுவிடும். நான்கு காம்பிலும் முதல் பீய்ச்சலைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரிதிரியாக வந்தால் மடிநோய். புரூசெல்லா என்ற கிருமி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை கட்டாயம். அந்தக் கிருமி சினை மாட்டைக் கன்று வீச (கரு கலைய) வைக்கும், ஆளுக்கும் தொற்றும்.

பலரைக் கவிழ்ப்பது நிலம்தான். பட்டா, 30 வருட வில்லங்கச் சான்றோடு 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராம நிலப் பதிவேடு) பாருங்கள். அந்தப் புல எண் மேய்க்கால் புறம்போக்கு என்றிருந்தால் அது அரசு நிலம், விற்கவே முடியாது. மிச்சமுள்ள புல்வெளி, ஒரு மாட்டுக்குத் தினம் 25 கிலோ பசுந்தீவனம் தருமா என்று கணக்குப் போட்டபிறகே முன்பணம் கொடுங்கள்.