காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று: பிள்ளைகளோடு செட்டிநாடு

முதல் தடவை செட்டிநாடு போனபோது, நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று நான்தான் பட்டியல் போட்டேன். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் மணி வேறு குறித்து வைத்திருந்தேன். மூன்றாவது கோயிலுக்குப் போய்ச் சேரும்போது நடை சாத்திவிட்டார்கள். இனி சாயங்காலம்தான் என்றார்கள். சின்னவன் காரிலேயே வாந்தி எடுத்தான். பெரியவள், "இன்னொரு தூணைப் பார்க்கச் சொன்னா நான் இறங்கவே மாட்டேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அத்தை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் எங்கள் வீட்டில் அதற்கு அர்த்தம் உண்டு.

அதற்கப்புறம் இரண்டு தடவை போய்விட்டோம். இப்போது கணக்கு எளிது. காலையில் ஒரு இடம், சாயங்காலம் ஒரு இடம், நடுப்பகல் வீட்டுக்குள். அந்தக் காலை இடம் கைக்கோ காலுக்கோ வேலை கொடுக்க வேண்டும். கண்ணுக்கு மட்டும் வேலை என்றால் ஆறு வயதுப் பிள்ளை பத்து நிமிஷம்தான் தாங்கும். பதினொரு வயதுக்குக் கூடுதலாக ஐந்து நிமிஷம்.

போக ஏற்ற காலம் அரையாண்டு விடுமுறை. மார்ச் தாண்டினால் அந்தச் செம்மண் வெயிலில் பெரியவர்களுக்கே தலை சுற்றும். சென்னையிலிருந்து என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸ் வசதி. மதியத்துக்கு மேல் கிளம்பி ராத்திரி காரைக்குடியில் விட்டுவிடும், பிள்ளைகள் போனதும் தூங்கலாம். காரைக்குடியில் லாட்ஜுகள் நிறைய. ஆனால் ஒரு ராத்திரியாவது கானாடுகாத்தான் பக்கம், முற்றம் உள்ள பழைய வீடு எதிலாவது தங்கப் பாருங்கள். தங்கும் விடுதிகளாக மாற்றிய வீடுகள் இருக்கின்றன. வாடகை கொஞ்சம் கடிக்கும்தான். நாங்கள் இரண்டு ராத்திரி லாட்ஜ், ஒரு ராத்திரி வீடு என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் நாள் காலைக்குத் திருமயம் கோட்டை. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. பாறைக் குன்றைச் சுற்றி மதில், உச்சியில் ஒரு பீரங்கி. பெரியவர்கள் மெதுவாக ஏறினாலும் அரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். ஆனால் நிழல் கிடையாது, அதனால் திறந்தவுடன் போய்விடுங்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிள்ளைகளே தூக்கட்டும். பாத்ரூம் வேலையைத் தங்கிய இடத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புவது உத்தமம். பாதி வழியில், பாறையில் குடைந்த சிறிய சிவன் சன்னதிக்கு இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். எங்கள் வீட்டில் கோட்டை என்றால் இன்றைக்கும் அந்த ஏணிதான். சின்னவனை முன்னால் விட்டு, இவர் பின்னாலேயே கை வைத்துக்கொண்டு ஏறினார். உச்சிக்குப் போனால் கைப்பிடி இல்லாத விளிம்புகள் உண்டு, கையை விட வேண்டாம்.

ஊர்க்காரர்கள் இதை ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையின் கதையை ஏறும் வழியில் சொல்லிக்கொண்டே போனால் "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற கேள்வி குறையும். மூட்டு வலிக்காரர்களுக்குக் கீழேயே வேலை இருக்கிறது. அடிவாரத்தில் பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில், இரண்டும் குடைவரை. அத்தை சத்தியகிரிநாதரைச் சேவித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது ரோட்டோரத்தில் கோட்டை பைரவரையும் பார்த்துவிடலாம். வண்டியோட்டிகள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிற இடம், ஐந்து நிமிஷம் போதும்.

இரண்டாம் நாள் காலை ஆத்தங்குடி. ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அரண்மனை மாதிரி வீடுகளுக்கு முன்னால் டைல்ஸ் பட்டறைக்குப் போங்கள். தரை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்த பிள்ளை, அப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் குனிந்து பார்க்கும்.

பட்டறையில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஒரு சதுரக் கண்ணாடி, அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ டிசைன் போட்ட உலோக அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சின்னக் கரண்டியால் கலர் சிமெண்ட் கரைசலை ஊற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை. அச்சை நேராக மேலே தூக்கும்போது பார்க்கிற எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். கோடுகள் கலையாமல் அப்படியே நிற்கின்றன. மேலே காய்ந்த சிமெண்டும் மணலும் தூவுகிறார்கள், அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அப்புறம் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் வழித்துச் சமன் செய்து சட்டத்தைக் கழற்றுகிறார்கள். அடுப்பே கிடையாது. காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் நாள் கணக்கில் ஊறப் போட்டு, எடுத்து உலர்த்தினால் கண்ணாடி தானாக விட்டுவிடும். கண்ணாடியில் படிந்திருந்த பக்கம் கண்ணாடி மாதிரியே பளபளக்கும். பாலிஷ் போடவில்லை என்றால் பெரியவள் நம்பவில்லை. தொட்டியிலிருந்து எடுத்த ஒன்றைத் திருப்பிக் காட்டியதும்தான் வாயை மூடினாள்.

உள்ளே போகும்போது, "அண்ணே, பிள்ளைங்க பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். அது அவர்கள் வேலை நேரம். கூட்டம் இல்லாத நாளில் ஒரு அண்ணன், சின்னவன் கையில் கரண்டியைக் கொடுத்து ஒரு இதழுக்கு மட்டும் மஞ்சள் ஊற்ற விட்டார். கோட்டைத் தாண்டிச் சிந்தியது. சிரித்துக்கொண்டே அந்தக் கலவையை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார். கிளம்பும்போது இவர் டீச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார். ஒன்று கவனியுங்கள்: ஈர சிமெண்ட் பிஞ்சுத் தோலை அரிக்கும். எங்கள் ஆள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, காரில் வரும் வழியெல்லாம் சொறிந்தான். பார்த்து முடித்ததும் நல்ல தண்ணீரில் கை கழுவ வைத்துவிடுங்கள்.

வீடுகளுக்கு வருவோம். ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் சில வீடுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுகிறார்கள். இரண்டு வீடு போதும், மூன்றாவது வீட்டில் எல்லாத் தூணும் ஒன்று போலத்தான் தெரியும். பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி என்று பிள்ளைகளிடம் பட்டியல் வாசிக்காதீர்கள். தலைவாசலில் நிற்க வைத்து, "இங்கிருந்து கொல்லைப்பக்கம் வரை எத்தனை வாசல் தெரியுது?" என்று கேளுங்கள். முகப்பு, வளவு என்கிற அறைகள் சூழ்ந்த உள்முற்றம், இரண்டாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில், ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வருகிற வீடுகள் அவை. எண்ணுவதற்காகவே கடைசி வரைக்கும் நடப்பார்கள். சுவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஜில்லென்று வழுக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெழுகியது என்றதும், "எத்தனை முட்டைம்மா?" என்று சின்னவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மாள் யாராவது இருந்தால் "ஆச்சி" என்று கூப்பிடப் பழக்கிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்குப் பல கதவு திறக்கும். எங்களுக்கு ஒரு ஆச்சி, கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஒரு அறை எப்படி ஒதுக்குவார்கள் என்று அத்தையிடம் அரை மணி நேரம் சொன்னார். பிள்ளைகள் அதற்குள் திண்ணையில் படுத்தே விட்டார்கள். நான் எழுப்பவில்லை. செருப்பை வெளியே விட வேண்டியிருப்பதால் ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் பையில் இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் முற்றத்துக் கல் அடுப்புதான்.

சாப்பாடு. கானாடுகாத்தான் சின்ன ஊர், பசித்த பிறகு ஹோட்டல் தேடினால் மாட்டிக்கொள்வீர்கள். மதியச் சாப்பாட்டை முந்தின நாளே சொல்லி வையுங்கள், கூடவே "பிள்ளைகளுக்குக் காரம் கம்மியா" என்றும். செட்டிநாட்டுச் சமையல் என்றாலே மிளகாய் என்று பயப்பட வேண்டாம். வெள்ளைப் பணியாரம், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், பால் பணியாரம், கவுனி அரிசி இனிப்பு எல்லாம் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கும். கோழிக்கு மட்டும் பக்கத்தில் தயிர் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலங்களுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு நாள் பிள்ளையார்பட்டி, இன்னொரு நாள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள். ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்து, அதற்குள் எது வேண்டுமானாலும் வாங்கலாம் என்று விட்டோம். சின்னவன் எனாமல் உரிந்த ஒரு தட்டு கேட்டான், விலை படியவில்லை, அழுதான், ஒரு பித்தளைக் குமிழில் சமாதானமானான். பெரியவள் பூட்டே இல்லாத ஒரு துருப்பிடித்த சாவி வாங்கினாள்.

கடைசி நாள் ராத்திரியே பலகாரம் வாங்கிவிடுங்கள், திரும்பும் பல்லவன் விடியற்காலையில் கிளம்பிவிடும். தேன்குழலும் கைமுறுக்கும் பயணத்தைத் தாங்கும். மாவுருண்டை தாங்காது. எங்கள் டப்பாவில் அது திருச்சி வருவதற்குள் பொடியாகிவிட்டது. ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டோம், விருத்தாசலத்தில் டப்பா காலி.